யானை இல்லாத காடு

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் பேருந்து. எனக்கு முன் சீட்டில் ஒப்பந்ததாரரின் ஆள் ஒருவர், காப்புக்காட்டுச் சாலைக்குப் புதுத் தார் போட அனுமதி கேட்கும் படிவத்தை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு விவசாயி.

"யானை நடமாட்டம் உண்டான்னு கேட்டிருக்காங்க. இல்லைன்னு எழுதிட்டேன்."

"எங்கூரு ரோட்டுலயாங்க? தினம் சாயங்காலம் தாண்டுதுங்களே!"

"நான் பாக்க வந்தது மத்தியானம்ங்க. போன தடவ உண்டுன்னு எழுதி அனுப்புன ஃபைலு இன்னும் திரும்பல. உங்களுக்கு ரோடு வேணுமா, வேணாமா?"

"அப்ப எந்தம்பிய மிதிச்சது எதுங்க?"

ஒப்பந்ததாரரின் ஆள் பேனாவை மூடிவிட்டார். விவசாயி படிவத்தை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"விடுங்க. அன்னிக்கு ரோடு நல்லாருந்து ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்திருந்தா பொழச்சிருப்பான். யானை இல்லைன்னே இருக்கட்டும்ங்க."