செவ்வாயில் ஒரு பள்ளம்

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு தட்டாஞ்சாவடி பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். அக்கா தங்கச்சி என்று முகமே சொன்னது. தங்கச்சியின் மடியில் கண் ஆஸ்பத்திரிப் பை. நான் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் வந்தேன், அவள் இப்படிச் சொல்லும் வரைக்கும்:

"போன வாரம் செவ்வாய் கிரகத்துல ஒரு பள்ளத்தை மேடுன்னு எழுதிக் குடுத்துட்டேன் அக்கா."

"அங்க யாரு விழப்போறா? வுடு."

"வெளயாடாத. நாங்க ஆபீஸ்ல வரைபடம் போடறதுக்கு, மேல சுத்துற சேட்டிலைட்டு ஒரே எடத்தை ரெண்டு கோணத்துல படம் எடுக்கும். ஒண்ணை எடது கண்ணு பாக்கணும், இன்னொண்ணை வலது கண்ணு. அப்பதான் மலை எழும்பி நிக்கும், பள்ளம் உள்ள எறங்கும். எனக்கு இப்ப எல்லாம் தட்டையா இருக்குது. நிழலைப் பாத்துக் குத்துமதிப்பா எழுதினேன்."

"டாக்டரு என்னதான்டி சொன்னாரு?"

"எடது கண்ணுல இனிமே பார்வை வராதாம்."

பஸ் நெல்லித்தோப்பு தாண்டியது. அக்கா தங்கச்சியின் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் வந்து உன் பக்கத்துல ஒக்காந்துக்கறேன். எடது படத்தை நான் பாக்கறேன், வலதை நீ பாரு."

தங்கச்சி சிரித்தாள். "ரெண்டும் ஒரே தலைக்குள்ள போவணும் அக்கா."

அவர்கள் இறங்குமிடம் வந்தது. அக்கா முதலில் இறங்கினாள். தங்கச்சி கடைசிப் படியில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கால் எழவில்லை.

"எறங்கும்மா, நேரமாவுது" என்றார் கண்டக்டர்.

அக்கா அவரை ஒரு முறை முறைத்துவிட்டுத் தங்கச்சியின் கையைப் பிடித்தாள்.

"தரை இன்னும் ஒரு சாண் கீழ இருக்குது. நான் சொல்றேன்ல, காலை வை."