நாலு மணிப் பாடு

குனிந்து ஓடுகிறேன். இரண்டு கையிலும் தகர டின். தெருவின் அகலம் இருபத்திரண்டு எட்டு. எண்ணிக்கொண்டே ஓடுகிறேன். துறைமுகப் பக்கம் குண்டு விழுகிறது. முதலில் விசில். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு தரை தூக்கிப் போடுகிறது.

"தலைய தூக்காத! ஓடு!" கதவிடுக்கிலிருந்து எல்லப்பன் கத்துகிறான்.

குழாயடிக்கு வந்துவிட்டேன். தண்ணீர் நூலாக வருகிறது. இரண்டு டின்னும் நிரம்பப் பதினொரு நிமிஷம். முதுகு கூசிக்கொண்டே இருக்கிறது. திரும்பி ஓடினேன். அன்று யாரும் சுடவில்லை.

இது பெய்ரூட். 1976, பங்குனி மாதம். நான் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்காரன். பெயர் துரை. நாங்கள் வேலை செய்த சரக்குக் கப்பல் அங்கே மாட்டிக்கொண்டது. துறைமுகத்தை மூடிவிட்டார்கள். கப்பல் முதலாளி எங்களைக் கைகழுவிவிட்டான். மற்ற ஆட்கள் எப்படியோ தப்பிப் போனார்கள். மிஞ்சியது மூன்று பேர். நான். என் ஊர்க்காரன் எல்லப்பன். பழவேற்காடு டவுன் காதர் பாய். பாய் இன்ஜின் ரூம் ஆள், எங்களுக்கு மூத்தவர். ஒரு பெண் இரக்கப்பட்டுத் தன் வீட்டுக்கு அடியிலிருந்த சாமான் அறையைத் திறந்துவிட்டாள். ஜன்னல் கிடையாது. மூன்று பேர் படுத்தால் நாலாவது ஆளுக்கு இடமில்லை.

உள்நாட்டுச் சண்டையில் நகரம் இரண்டாகக் கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். நடுவில் எங்கள் தெரு. அதில் யார் நடந்தாலும் சுடுவார்கள். குழாய் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்தது.

யார் தண்ணீருக்குப் போவது? எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இருப்பதால்தான் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளாமல் இருக்கிறோம். அங்கேயும் சீட்டுப் போட்டோம். முதலில் நான். அடுத்து காதர் பாய். மூன்றாவது எல்லப்பன்.

"நேரத்த மாத்தி மாத்திப் போலாம்டா," என்றார் பாய். "ஒரு நாள் காலையில, ஒரு நாள் மதியானம்."

நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவனுக்கு நல்ல நேரமும் ஒருவனுக்குக் கெட்ட நேரமும் வந்தால் அது என்ன பாடு என்று வாதாடினேன். எல்லோருக்கும் ஒரே நேரம். சாயங்காலம் நாலு மணி. எல்லப்பன் தலையாட்டினான். பாய் வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்காரப் பெண் ஒரு நாள் விடியலில் போவாள். ஒரு நாள் போகவே மாட்டாள். அவளுக்கு ஒரு முறையே இல்லை என்று நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்பதாம் நாள். எல்லப்பன் முறை. பாயின் கைக்கடிகாரத்தில் நாலு. "வரேன்டா," என்கிறான். ஓடுகிறான். நான் எண்ணுகிறேன். பதினான்காவது எட்டு. டக். ஒரே சத்தம். டின் ஒன்று உருண்டு உருண்டு எங்கோ முட்டி நின்றது.

"அசையாத! எல்லப்பா, அப்படியே கெட!" என்று கத்தினேன்.

அவன் அசையவே இல்லை. நான் கதவைத் தள்ளினேன். பாய் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நீயும் போனா ஊருக்கு யார்ரா சொல்றது?" அழுதுகொண்டே கேட்டார். இரண்டு நாள் அவன் அங்கேயே கிடந்தான். மூன்றாம் நாள் பார்த்தபோது இல்லை. யார் எடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள், தெரியாது. அடுத்த பத்து நாளில் பக்கத்துச் சுவரில் ஒரு குண்டு விழுந்தது. பாயின் இடது காது அன்றோடு போனது. பிறகு சண்டை நின்ற ஒரு காலையில் ஒரு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது.

ஊருக்கு வந்தேன். எல்லப்பன் மனைவி கன்னியம்மா எதிரே உட்கார்ந்தாள். "குண்டு வுழுந்துச்சி. நொடில போயிட்டான்," என்றேன். நாலு மணியைப் பற்றிச் சொல்லவில்லை. பயம். வேறு காரணம் இல்லை. பாயும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

எல்லப்பன் பாடு அவளுக்கு என்று ஊர் முடிவு செய்தது. வலை போட அவள் வீட்டில் ஆண் இல்லை. நான் போட்டேன். பட்டதை அப்படியே அவள் வாசலில் இறக்கினேன். ஏழு வருஷம். ஊரே என்னை நல்லவன் என்றது. ஓடி ஒளிய அந்தத் தீவில் இடம் ஏது? தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் படகுக்குப் போக வேண்டும்.

1983. மெட்ராஸிலிருந்து கண்காட்சி பஸ் ஒன்று பழவேற்காட்டுக்கு வந்தது. உள்ளே இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டி, வெளிநாட்டுப் படங்கள். பெய்ரூட் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அவரு செத்த ஊரப் பாக்கணும்," என்று கன்னியம்மா கிளம்பிவிட்டாள். படிக்கத் தெரியாதவள். கூடப் போக என்னைத்தானே கூப்பிடுவாள்.

'ஒரு காலத்தில் பிரிந்திருந்த நகரம்' என்று போர்டு. மறுவருஷமே அது மறுபடியும் பிரிந்தது. போர்டை மாற்றினார்களோ என்னவோ.

பஸ்ஸுக்குள் ஒருவழிதான். பின்னால் கூட்டம் நெருக்குகிறது. மூன்றாவது படம். எங்கள் தெரு. மேலேயிருந்து, ஒரு மாடி அறைக்குள் நின்று ஜன்னல் வழியாக எடுத்தது. குழாய் தெரிகிறது. எங்கள் கதவு தெரிகிறது. ஜன்னல் ஓரம் மணல் மூட்டை. அதன் பின்னால் ஒரு நாற்காலி. சுட்டவன் உட்காரும் நாற்காலி. அவன் தேடவேயில்லை. உட்கார்ந்திருந்தான். நாங்கள் நேரம் தவறாமல் போனோம்.

"இதான் தெருவா?" கன்னியம்மா கேட்டாள்.

"ஆமா."

"குண்டு எங்க வுழுந்துச்சி? பள்ளமே காணமே?"

பின்னாலும் போக முடியாது. முன்னால் அவள் நிற்கிறாள்.

"குண்டு இல்ல கன்னிம்மா. சுட்டாங்க. தெனம் நாலு மணிக்குப் போனோம். அவனுக்குத் தெரிஞ்சிபோச்சி. அந்த நாலு மணிய வச்சது நான்."

"பாய் இன்னா சொன்னாரு?"

"மாத்தி மாத்திப் போலாம்னாரு. நான் வுடல."

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரோ நகரச் சொன்னார்கள். இறங்கினோம். பஸ்ஸின் நிழலில் நின்று கேட்டாள்.

"இத்த வயித்துல வச்சிக்கினுதான் ஏழு வருசம் என் வூட்டுக்கு மீன் கொண்டாந்தியா?"

நான் தலையைத் தூக்கவில்லை.

"இனிமே அவரு பாடு வர்ற நாள்ல நீ எறங்காத."

"வலை போட ஆளில்லாம சும்மா போவும், கன்னிம்மா."

"போவட்டும்."

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எல்லப்பன், வயது முப்பத்தொன்று. அந்தத் தெருவில் எங்கள் கண்ணெதிரே விழுந்த நாலு பேர், பெயர் தெரியாது. காதர் பாயின் காது. தகர டின் இரண்டு. வீட்டுக்காரப் பெண் இருக்கிறாளா இல்லையா, தெரியவில்லை, அதனால் சேர்க்கவில்லை. எல்லப்பனின் பாடு ஒன்று. அது வரும் நாளில் அந்த இடத்தில் யாரும் வலை போடுவதில்லை. அன்றைக்கும் கன்னியம்மா ஏரியில் இறங்குகிறாள். இடுப்பளவு தண்ணீரில், சேற்றைக் கையால் தடவி, ஒவ்வொரு இறாலாகப் பிடிக்கிறாள்.