மூன்றாம் டிவிஷனுக்கு அரிசி கொண்டுபோன குணவதி அம்மையாருக்கு

பசித்தவர் வாசலைப் பணிவோடு மிதித்த பண்பின் திருவே, கூலிம் வட்டார உணவு வங்கியின் கிடங்கைப் பதின்மூன்று ஆண்டுகள் கண்ணுங் கருத்துமாய்க் காத்த பெருந்தகையே, கொடுக்கும்போதெல்லாம் வாங்குபவர் தலை தாழாமல் பார்த்துக்கொண்ட அருங்குணத்தின் உறைவிடமே, குணவதி அம்மையாரே, வணக்கம்.

தங்களை முன்னிறுத்தித் தங்கள் புகழைத் தங்களிடமே சொல்வதுதான் பாராட்டு மடலின் வழக்கம். ஆனால் சென்ற செவ்வாய்க்கிழமை இந்தப் பிரிவுபசார விழாவின் அழைப்பிதழோடு தங்கள் வீட்டுக்கு வந்த எங்கள் எழுத்தர் லோகேஸ்வரியிடம், "மடல்ல என்னா எழுதப் போற?" என்று கேட்டீர்கள். "நல்லதா எழுதுறேன்க்கா" என்றாள் அவள். "நல்லது வேணாம். நடந்தத எழுது" என்றீர்கள். அதன்படியே எழுதியிருக்கிறோம். நடந்தது தங்களுக்குத் தெரியும். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பலருக்குத் தெரியாது. அவர்களுக்குச் சொல்லவேண்டியிருப்பதால் தங்களை 'அவர்' என்று குறிப்பிடுகிறோம். பொறுத்தருள்க.

குணவதி அம்மையார் எங்களிடம் வருவதற்கு முன் கூலிம் தொழிற்பேட்டையில் இருபது வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவர். தொழிற்சாலை ஆள் குறைத்தபோது வெளியே வந்தார். கிடங்குப் பொறுப்பு அவர் கைக்கு வந்த நாளிலிருந்து, காலையில் பேரங்காடிகளின் பின்வாசலில் நெளிந்த டின்களையும் தேதி நெருங்கிய ரொட்டிகளையும் வாங்கி வருவதும், ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துப் பிரிப்பதும், மெர்போக் முதல் பாடாங் மேஹா வரை அறுநூறு வீடுகளுக்குப் பொட்டலம் கட்டுவதும் அவருடைய அன்றாடம் ஆயின. தான் தின்னமாட்டேன் என்று நினைத்த எதையும் அவர் பிறருக்குக் கட்டியதில்லை.

ஒரு வீட்டுக்கு முதன்முறை போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கேஸ் இருக்கா?" அரிசி கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம், அடுப்பு எரிய வழியில்லாதவர்கள் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கிறார்கள் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கேஸ் இல்லாத வீடுகளின் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைப்பார். அந்த வீடுகளுக்கு ரொட்டியும் பிஸ்கட்டும் பழமும் போகும்.

இனிக் கதைக்கு வருகிறோம்.

பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம் கைமாறியது. வாங்கிய கம்பெனி அங்கே வீடமைப்புத் திட்டம் கொண்டுவந்தது. அந்தத் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பதினான்கு குடும்பங்கள் மட்டும், மாற்று வீடு தராமல் போகமாட்டோம் என்று வழக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தன. பெரும்பாலும் வயதானவர்கள். பால் மரம் வெட்டியே கை காய்த்துப்போன மருதம்மாளும், சீனி வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் அவர் கணவர் சின்னையாவும் அவர்களில் அடக்கம். குழாய்த் தண்ணீர் நிறுத்தப்பட்டது. தோட்டத்து மளிகைக் கடை மூடப்பட்டது. அவர்களுக்கு மிஞ்சியது மாதம் இருமுறை வரும் எங்கள் லோரி.

அந்தக் கம்பெனிதான் எங்களுக்கு அதிகமாக அரிசி கொடுக்கிறது. கிடங்கின் குளிர் அறையும் அவர்கள் கட்டித் தந்தது.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் தலைவர் பரஞ்சோதி அவர்கள் செயற்குழுவைக் கூட்டினார். முடிவு தன் தலையில் மட்டும் விழக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, பணியாளர்களான எங்களையும் உட்காரவைத்தார்.

"அவங்க பெருசா ஒன்னும் கேக்கலலா. கொஞ்ச நாளைக்கு மூனாவது டிவிஷன் பக்கம் லோரி போக வேணாம்னு சொல்றாங்க. அவ்வளவுதான்."

குணவதி அம்மையார் கேட்டார்: "எதுக்காம்?"

"சாப்பாடு வந்துக்கிட்டே இருந்தா அதுங்க நகராதுங்களாம்."

"பசியில போட்டு வீட்டக் காலி பண்ணப் பாக்கறாங்க. அதுக்கு நம்மகிட்டயே ஒத்தாசை கேக்கறாங்களா அண்ணே?"

"குணவதி, பதினாலு வீட்டுக்காக அறுநூறு வீட்டு அரிசிய விட்டுற சொல்றியா? நீயே சொல்லு."

கேள்வி பொய்யான கேள்வி அல்ல. அந்த அறுநூறு வீடுகளின் கதவையும் தட்டியவர் அவர்தான். ஆனாலும், "பசிக்கிறவங்கள நாம தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சா, நமக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்னா வித்தியாசம்?" என்றார்.

தலைவர் கை தூக்கச் சொன்னார். செயற்குழுவினர் தூக்கினார்கள். பிறகு நாங்கள் தூக்கினோம். லோரி ஓட்டுநர் காஜா மைதீன் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். லோகேஸ்வரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், எங்கள் எல்லாருக்கும் அப்படி ஏதோ ஒன்று இருந்தது. குணவதி அம்மையாரின் கை மடியில் கிடந்தது.

அவர் சண்டை போடவில்லை. அடுத்த சனிக்கிழமை தன் சம்பளத்தில் கடையில் அரிசி வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு மூன்றாம் டிவிஷனுக்குப் போனார். கிடங்கிலிருந்து ஒரு மணி அரிசியும் எடுக்கவில்லை என்பதை இங்கே சத்தமாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் எடுத்தார் என்று பிற்பாடு பேச்சு வந்தது. ஒரு நடையில் இரண்டு மூட்டைதான் ஏறும். பதினான்கு வீட்டுக்கு எத்தனை நடை என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

எங்களுக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருந்தோம். ஒருநாள் கொட்டும் மழையில் அவர் வண்டி சாலை ஓரத்தில் நின்றுபோய்விட்டது. மூட்டைமேல் தன் மழைச்சட்டையைப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டிருந்தார். அந்த வழியாக எங்கள் லோரி வந்தது. காஜா மைதீன் கையை ஆட்டிவிட்டுக் கடந்து போனார். இந்த வரியை எழுதச் சொன்னவர் காஜா மைதீனே.

அக்டோபரில் குணவதி அம்மையாருக்கு டெங்கி கண்டது. மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லோகேஸ்வரிக்குப் போன் செய்தார். குரலே எழும்பவில்லை.

"லோகேஸ், நாளைக்கு ஒரு தடவ மட்டும் நீ போயிட்டு வாம்மா. எல்லா வீட்டுக்கும் முடியலன்னாலும் மருதம்மா வீட்டுக்குப் போயிரு. சின்னையா அண்ணன் ஊசி போட்டுக்கிட்டுச் சாப்பிடாம இருக்கக் கூடாது."

"சரிக்கா. போறேன்."

மறுநாள் காலையில் கம்பெனி எங்களுக்கு அரிசி ஒப்படைக்கும் நிகழ்ச்சி இருந்தது. எல்லாரும் ஒரே நிறச் சட்டை அணிந்து வரவேண்டும் என்று உத்தரவு. மூட்டைகளை அடுக்கிவைத்துப் படம் எடுத்தார்கள். பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் லோகேஸ்வரி. நிகழ்ச்சி முடிந்ததும் போகலாம் என்று நினைத்தாள். முடிந்தபின், நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள்.

அதே காலையில் மூன்றாம் டிவிஷனில் சின்னையா வழக்கம்போல் ஊசியைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார். சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் குணவதி வந்துவிடுவார் என்பது அவர் கணக்கு. வீட்டில் முதல்நாளே அரிசி தீர்ந்திருந்தது. பதினொரு மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது. இனிப்பாக எதையாவது வாயில் போடவேண்டும் என்று மருதம்மாளுக்குத் தெரியும். சீனி வியாதிக்காரர் வீட்டில் ஏது சீனி? பக்கத்து வீடுகளுக்கு ஓடினார். அதற்குள் ஒன்பது குடும்பங்கள் காலிசெய்துகொண்டு போயிருந்தன, மிச்ச நாலு வீட்டாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மண்சாலையில் முச்சந்திவரை ஓடி, ஒரு காரை நிறுத்தி அவர் திரும்பி வந்தபோது சின்னையா படியிலேயே சாய்ந்து கிடந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

அன்று எங்கள் கிடங்கில் சீனி மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

சாவு வீட்டில் மருதம்மாள் யாரையும் ஏசவில்லை. லோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "குணவதி வரலியேன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரும்மா" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் கம்பெனி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, சுங்கை பட்டாணியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மிச்ச நாலு குடும்பங்களும் அவர் பின்னாலேயே போயின. லயம் இடிபட்டது. கம்பெனி கேட்ட 'கொஞ்ச நாள்' முடிந்தது.

குணவதி அம்மையார் வேலைக்குத் திரும்பிய அன்று லோகேஸ்வரி வாசலிலேயே நின்றாள்.

"போனியா?"

"போகலக்கா."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பால் டின்களின் தேதிகளைப் பார்க்க உட்கார்ந்தார். சாயங்காலம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லோகேஸ் என்று அவர் அவளைக் கூப்பிட்டது அந்தப் போனில்தான் கடைசி.

மூன்றாம் டிவிஷனில் அவர் வண்டி நிற்கும் படத்தை யாரோ முன்பே எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். கம்பெனி வருத்தம் தெரிவித்தது. அறுபது வயதைக் காரணம் காட்டி அவருக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. எங்களிடம் அறுபது வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இதுவரை இருந்ததில்லை; காஜா மைதீனுக்கு அறுபத்து நான்கு, இன்னும் ஓட்டுகிறார். எழுபதைத் தாண்டிய தலைவர்தான் சொன்னார்: "குணவதிக்கு வயசாயிருச்சுலா. ரெஸ்ட் எடுக்கட்டும்." அதைக் கேட்டும் நாங்கள் வாய் திறக்கவில்லை. இந்த விழாவுக்கு மாலை வாங்குவது யார் என்று மட்டும் பேசி முடிவுசெய்தோம்.

பெருமதிப்புக்குரிய அம்மையாரே, கதை முடிந்தது. மீண்டும் தங்களைத் 'தாங்கள்' என்று அழைக்கிறோம்.

பசியோடு போராடுகிறோம் என்று எங்கள் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் போராட்டத்தை எட்டு மாதம் தன்னந்தனியாகத் தாங்கள் நடத்தினீர்கள். எதிர்த்தரப்பில் நாங்கள் நின்றோம். இதை மன்னியுங்கள் என்று கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை. மன்னிக்கவேண்டியவர்களில் ஒருவர் உயிரோடும் இல்லை. இந்த மடலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இட்டுத் தருகிறோம். தங்கள் வீட்டுச் சுவரில் இதற்கு இடம் வேண்டியதில்லை. விருப்பமில்லையென்றால் திருப்பித் தாருங்கள். வேலை செய்யும் இடத்தில், எங்கள் கண்ணில் படும்படி மாட்டிக்கொள்கிறோம்.

நோய் நொடி தங்களை அண்டாதிருக்கட்டும். மூட்டை சுமந்த முதுகுக்கு நல்ல ஓய்வு கிடைக்கட்டும். சேமித்ததையெல்லாம் அரிசியாக்கிக் கொடுத்துவிட்ட தங்கள் வீட்டில் என்றும் அடுப்பு எரியட்டும். உணவு வங்கியின் கதவைத் தாங்கள் தட்டவேண்டிய நாள் ஒன்று வராமலே போகட்டும். வந்தால், அன்று அந்தக் கதவுக்குப் பின்னால் எங்களைப் போன்றவர்கள் இல்லாதிருக்கட்டும்.

இங்ஙனம்,
கை தூக்கிய பணியாளர்கள்,
கூலிம் வட்டார உணவு வங்கி

காஜா மைதீன், ஓட்டுநர்
ஷீலா, பொட்டலப் பிரிவு
மனோகரன், பொட்டலப் பிரிவு
லோகேஸ்வரி, எழுத்தர்