துண்டு எடை கழித்து

— புதங்கெழமை காலையில ஒம்பதேகால். அந்நேரத்துக்கு ஆப்ரேசன் பண்ணி எடுத்துப்போட்டா சோலி முடிஞ்சுது. இதுல இன்னும் என்ன ரோசனை லோகா?

— எனக்கு ஒன்னும் புரியலீங்க அத்தை. டாக்டரம்மா ரெண்டு வழியும் சொல்லிப்போட்டு, நீயே முடிவு பண்ணும்மான்னுட்டாங்க.

— அவிய அப்படித்தான் சொல்லுவாங்க. ஜோசியர் குறிச்சுக் குடுத்த நேரம் கண்ணு இது. எதுத்த ஊட்டு பூஜிதாவுக்கு நேரம் பாத்துத்தானே எடுத்தாங்க? உங்கொம்மா பவானியில கால் ஒடைஞ்சு படுத்திருக்கறதால நான் வந்து ஒக்காந்திருக்கேன். அவிய இருந்தாலும் இதையேதான் சொல்லுவாங்க.

— நேரத்தை உடுங்க அத்தை. நான் இந்த ஸ்கேன் சீட்டைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பாக்கறேன். நாலு கிலோ இருநூறு! தலைச்சன் புள்ள. எப்படி வெளிய வரும்? பாதியில நின்னுபோச்சுன்னா?

— அதுக்குத்தான் சொல்றேன், கத்தி வெச்சறலாம்னு.

— அதுக்கும் பயமா இருக்குதுங்க. ரெண்டுக்கும் பயந்துக்கிட்டு மூனு நாளா தூக்கமே இல்லை.

— ஏனுங்க, உள்ள வரலாமா? நான் சாஜிதா பேகம், இங்க பிரசவம் பாக்கற நர்சு. டாக்டரம்மா உங்ககூட சித்த நேரம் பேசச் சொன்னாங்க. லோகப்பிரியா நீங்கதானுங்களே?

— ஆமாங்க சிஸ்டர். இவிய எங்க அத்தை, சின்னாத்தாள்.

— வணக்கமுங்கம்மா. கேளுங்க லோகா, அந்த நாலு இருநூறு இருக்குதே, அது தராசுல வெச்சு எடுத்த எடை இல்லை. தலை எவ்வளவு, வகுறு எவ்வளவு, தொடை எலும்பு எவ்வளவுன்னு அளந்து, மிஷினு கணக்குப் போட்டுச் சொல்ற நம்பர். அரைக் கிலோ முன்னப் பின்ன இருக்கும். அவ்ளோதான்.

— அப்ப இது எடைச்சீட்டே இல்லீங்களா?

— இல்லீங்க.

— சிஸ்டர், காங்கேயத்துல எங்களுக்கு லாரி எடை மேடை இருக்குது. கல்யாணமாகி வந்ததுலருந்து நாந்தான் சீட்டுப் போடறேன். கொப்பரை லாரிக்காரன் வந்து, எட்டு டன்னு இருக்கும், பாத்தாலே தெரியுது, எழுதிக் குடுங்கம்பான். மேல ஏத்தாம எழுத மாட்டேன்னு ஒரே புடியா நிப்பேன். இந்தச் சீட்டை மட்டும் எப்படி அப்படியே நம்புனேன்?

— நல்லாக் கேட்டீங்க! ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். கம்மியாவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். உங்களுக்குச் சக்கரை இல்லை, புள்ள தலை கீழதான் இருக்குது, இடுப்புல எந்தக் கோளாறும் தெரியலை. அதனாலதான் வலி வரட்டும், பாக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. நடுவுல புள்ளயோட துடிப்பு கொறைஞ்சாலோ, வலி வந்தும் எறங்காம நின்னாலோ, பக்கத்து ரூம்புதான் தியேட்டரு. அஞ்சு நிமிசம். அப்பறம், பெரிய புள்ளன்னா அபூர்வமா ஒன்னு நடக்கும்...

— தலை வந்துரும். தோளு நின்னுக்கும்.

— அதேதானுங்கம்மா. கரெக்டாச் சொல்றீங்களே, எங்க கேட்டீங்க?

— அதென்னமோ போ. டிவியில சொன்னாங்க.

— அப்படி நின்னா என்ன பண்ணோணும்னு நாங்க மாசாமாசம் பொம்மைய வெச்சுப் பழகறோம் லோகா. யாரு காலைப் புடிக்கறது, யாரு வகுத்தை அமுத்தறதுன்னு ஆளாளுக்கு வேலை பிரிச்சு வெச்சிருக்கோம். பத்து வருசத்துல என் கையில நாலு கிலோவுக்கு மேல நெறையப் புள்ளைக வந்திருக்குது. எல்லாம் சுலுவா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். வந்துச்சுன்னு சொல்லுவேன்.

— சிஸ்டர், நான் வலிக்குக் காத்திருக்கேனுங்க.

— லோகா! என்ன பேச்சு இது?

— மேடையில ஏத்திப் பாத்தரலாமுங்க அத்தை. ஏத்தறதுக்கு முன்னாலயே எதுக்குப் பயந்து சாகோணும்? முடியலைன்னா ஆப்ரேசனுக்கு நானே கையெழுத்துப் போடறேன். அதுல எனக்கு ரோசம் ஒன்னும் இல்லை.

— குறிச்ச நேரத்தைத் தட்டறே நீ. மனோஜுக்கு போனைப் போடு, நான் பேசிக்கறேன்.

— பேசியாச்சுங்க. உனக்கு எது தோணுதோ அதைப் பண்ணு, நான் கூட இருக்கேன்னு சொன்னாங்க உங்க பையன்.

*

— அத்தை, கைய உட்ராதீங்க!

— உடலை கண்ணு. இங்கதான் இருக்கேன். காலையிலருந்து இங்கயேதான் நிக்கறேன்.

— மூச்சை நல்லா இழுத்து உடுங்க லோகா. ஆமா, அப்படித்தான். நம்மூட்டுப் பொண்ணு எப்படிப் பண்றா பாருங்கம்மா! நேத்து திங்கக்கெழமை வந்து அழுதவளா இவ?

— சிஸ்டர், இது நாலு கிலோ இல்லைங்க, பதினாறு டயரு லாரி!

— லாரியா இருந்தா ஓரங்கட்டி நிறுத்த முடியாது, ஓட்டிட்டுத்தான் வரோணும். அடுத்த வலி வருது. தாடைய நெஞ்சோட வெச்சு முக்குங்க. முக்குங்க, முக்குங்க, உடாதீங்க... முடி தெரியுது! கருகருன்னு இருக்குது!

— என்னால முடியலைங்க சிஸ்டர். தியேட்டருக்கே போயர்லாம்.

— துடிப்பு ஜம்முன்னு இருக்குது, டாக்டரம்மா பக்கத்துலயே நிக்கறாங்க. முடியலைன்னு சொல்லிக்கிட்டே முக்கால்வாசி வந்துட்டீங்க. இன்னும் ரெண்டு வலி. அவ்ளோதான்.

— முடியும் அம்மணி. நீ முடியாதுன்னு சொல்லி நான் ஒரு நாளும் பாத்ததில்லை.

— அத்தை... வருதுங்க... அம்மா!

— தலை வந்துருச்சு! முக்காதீங்க, ஊதுங்க, மெழுகுவத்தி ஊதற மாதிரி ஊதுங்க.

— தோளு? சிஸ்டர், தோளு வந்துச்சா?

— இருங்கம்மா.

— தோளு வரலையா? ஏனுங்க, தோளு வந்துச்சான்னு கேக்கறேன்!

— தோளு புடிச்சிருக்குது. யாரும் பயப்படாதீங்க. லோகா, இப்ப முக்க வேண்டாம். அம்மா, அழுவறதை நிறுத்துங்க. இந்த முழங்காலை வகுத்தோட சேத்து இழுத்துப் புடிங்க. நல்லா! அந்தக் காலை இன்னொரு நர்சு புடிச்சுக்குவாங்க.

— புடிச்சேன். புடிச்சுட்டேன். இப்ப?

— இன்னும் இழுங்க. டாக்டரம்மா அடிவகுத்துல அமுத்தறாங்க. இப்ப முக்குங்க லோகா! ஒரே முக்கு!

— அய்யோ அத்தை!

— வா சாமி, வா! வந்துரு! வந்துரு!

— வந்தாச்சு! தோளு வந்தாச்சு... ஆளே வந்தாச்சு! பொண்ணு! மணி மூனு இருவது.

— அழுவுதா? சிஸ்டர், அழுவுதா?

— காது கேக்கலைங்களா உங்களுக்கு? கட்டடமே அதிருது!

*

— நாலு கிலோ நானூறு.

— சிஸ்டர், அந்தத் துண்டோட போட்டீங்களா, துண்டைக் கழிச்சீங்களா?

— யா அல்லா! பெத்து முக்கால் மணி நேரம் ஆகலை, கேக்கற கேள்வியப் பாருங்கம்மா.

— துண்டு நூறு கிராமாவது இருக்குமுங்க. கழிச்சுப்போட்டுச் சொல்லுங்க.

— சரி, துண்டை எடுத்துட்டே வெக்கறேன். வந்து பாருங்க... நாலு முன்னூத்தி இருவது. போதுமா?

— போதுமுங்க. ஸ்கேன் சீட்டை விட நூத்தி இருவது கிராம் கூட! கம்மியா இருந்தாத்தான் பொறக்கும்னு உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டிருந்தேன் சிஸ்டர். எடை கூட இருந்தும் பொறந்திருக்குது. நான் பெத்திருக்கேன்!

— நீங்கதான் பெத்தீங்க. நாங்க கூட நின்னோம். ரெண்டு கையையும் அசைச்சுப் பாத்தாச்சு, தோள்ல ஒரு கொறையும் இல்லை. உங்களுக்கு நாலஞ்சு தையல், ரெண்டு வாரத்துல ஆறிரும். நான் போய்ப் பேப்பரெல்லாம் எழுதிட்டு, புள்ளயோட அப்பாவை உள்ள அனுப்பறேன். அம்மா, புள்ளயப் புடிங்க.

— தலையத் தாங்கிப் புடிங்க அத்தை. என்னங்க, உங்க பேச்சைக் கேக்கலைன்னு கோவமா?

— கோவமா? எனக்கா? அதென்னமோ போ. இந்தத் தொடையப் பாத்தியா, எத்தனை மடிப்பு! காங்கேயம் முழுக்கச் சொல்லோணும். எம்பட மருமக நாலேகால் கிலோவுக்கு மேல பெத்தா, கத்தி படாமப் பெத்தான்னு ஊடு ஊடாப் போய்ச் சொல்லுவேன்.

— ஜோசியர்கிட்ட என்னங்க சொல்லுவீங்க? செவ்வாக்கெழமை மூனு இருவது. நல்ல ராகு காலம். புதங்கெழமை ஒம்பதேகாலுக்குக் குறிச்சவரு மயக்கம் போட்டு உழுந்துருவாரு.

— ராகு காலமா? அட, நான் மணியே பாக்கலை.

— நீங்களா? மோட்டார் போடறதுக்கே நேரம் பாப்பீங்களே! அத்தை, இன்னொன்னு கேக்கறேன். தலை வந்ததும் அல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மட்டும் தோளு தோளுன்னு அழுதீங்க. டிவியில பாத்தவங்க அப்படி அழுவாங்களா?

— அதை உடு.

— சொல்லுங்க அத்தை.

— நான் ஜோசியர்கிட்டப் போகவே இல்லை கண்ணு. அந்த நேரம் நானாச் சொன்னது. பயமா இருக்குதுன்னு சொன்னா நீயும் பயந்துருவே. நேரம்னு சொன்னா யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க.

— எதுக்குங்க?

— மனோஜுக்கு முன்னால எனக்கு ஒரு பையன். மனோஜுக்கே இது தெரியாது. தோட்டத்து ஊட்டுல, பெரிய புள்ள, இதே மாதிரி தொடை. தலை வந்துச்சு, தோளு வரலை. காலைப் புடிக்கோணும்னு அங்க ஒருத்தருக்கும் தெரியலை.

— அத்தை...

— அழுவாத அம்மணி, இன்னைக்கு அழுவக் கூடாது. எம்பட கையாலயே காலைப் புடிச்சேன், தோளு வந்துச்சு. அன்னைக்குப் போனவனை யாரும் எடை கூடப் போடலை. துண்டைக் கழிச்சு எவ்வளவுன்னு சொன்னே? இன்னொருக்காச் சொல்லு கண்ணு, கேக்கறேன்.