வேலியில் கொழுவிய பேணி

வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்துவிட்டுப் பரந்தன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். யன்னலோரம் இருந்த இளையவர் சொன்னது காதில் விழுந்தது.

“அவளின்ரை வீட்டிலை எனக்கெண்டு தனிக் கிளாஸ் வைச்சிருக்கிறாள், அக்கா.”

“ஆர், உங்கட வயலுக்கு வாற செல்வியோ? உனக்குத் தனிக் கிளாசோ!” மற்றவர் சிரித்தார்.

“ஓம். நெல்லு அருவி வெட்டுக்கு வரச்சொல்லி அவளிட்டைப் போன இடத்திலை வெயிலுக்குத் தலை சுத்திப்போச்சு. ஓடிவந்து பிடிச்சுக் கதிரையிலை இருத்தினாள். பெட்டியிலையிருந்து புதுக் கிளாஸ் ஒண்டை எடுத்துத் தண்ணி தந்தாள். ‘நீங்கள் ஒருநாளைக்கு வருவியளெண்டு வாங்கி வைச்சனான். நாங்கள் ஒருத்தரும் வாய் வைக்கேல்லை’ எண்டாள்.”

“குடிச்சனியோ?”

“குடிச்சன். நாங்கள் அவளுக்கு வைச்சிருக்கிறது வேலியிலை கொழுவின பழைய பால்மாத் தகரப் பேணி. ஒருநாளும் அவளுக்குத் தேத்தண்ணி இல்லையெண்டு நான் சொன்னதில்லை. அதைப் பெரிய புண்ணியமெண்டெல்லோ நினைச்சிருந்தன்.”

பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியது.

“நாளைக்கு வெட்ட வருவாளே. எதிலை குடுப்பாய்?”

“அலுமாரிக் கிளாசிலை. எல்லாருக்கும் அதிலைதான்.”

“பிறகு உன்ரை மாமி அதிலை வாய் வைப்பாவோ?”

“வைக்காட்டி, அந்தப் பேணி சும்மாதானே கிடக்கு. மாமி அதிலை குடிக்கட்டும்.”

நான் கண்ணை மூடி, முகம் தெரியாத அந்த மாமிக்காகவும் அம்மாளிடம் வேண்டிக்கொண்டேன்.