கம்ப்யூட்டர் சொல்லும் பேர்

– இந்தக் கம்ப்யூட்டர் பேரை மாத்திட்டேன்னீங்களே, அகல்யா அம்மிணி! மறுக்காவும் அதே பேர்தான வந்து நிக்குது?

– மாத்திட்டேனுங்க, மயில்சாமி ஐயா. பேரைச் சுருக்கமாக் கேட்டா 'எருமப்பட்டி'ன்னு நீங்க சொன்ன ஊர்ப் பேரைச் சொல்லுது. முழுசாக் கேட்டாத்தான் 'சாரதாமணி'ங்குது. யாருங்க அது?

– எம் மக. அந்தப் பேரை இந்த ஊட்ல யாரும் சொல்றதில்லீங்க. இந்தப் பொட்டி மட்டும் ஏன் சொல்லோணும்?

– அவங்க வெச்ச பேருங்களா?

– லாரிக்குப் புள்ளைங்க பேரை எழுதறமல்ல, அந்த மாதிரி இதுக்குத் தன் பேரை வெச்சா. கோழிக் கொட்டாய்க் காத்தாடி, தண்ணி, எல்லாம் இதுலயே ஓடற மாதிரி செஞ்சு குடுத்தா. அப்புறம் எங்களைக் கேக்காம ஒருத்தனைக் கட்டிக்கிட்டு வெளிநாடு போயிட்டா.

– அதான் பேரை மாத்தச் சொன்னீங்களா?

– பையனுக்குப் பொண்ணு குடுக்கறவங்க நாளைக்குப் பண்ணையப் பாக்க வாராங்க. ஆபீஸ் டிவியில இந்தப் பேரு மின்னுனா எம் மானம் என்னாகறது?

– இருங்க... ஆங், புடிச்சிட்டேன். பேரைச் சொல்ற இந்தக் கமாண்டு, முழுப்பேர் கேட்டா உள்ள ஒரு பழைய பைலைப் பாத்து ஒப்பிக்குது. அரைத்தூக்கத்துல எழுப்பிக் கேட்ட மாதிரி.

– வெளிய மூட்டம் எறங்கிக் கொல்லிமலையே காணோம். கோழியுஞ் சத்தமில்லாமக் கெடக்குது. இதுவும் தூங்குதாக்கும். எழுப்புங்க.

– ஒரே வரிதாங்க. மாத்துனா வெளிய இருந்து தேடறவங்களுக்கும் புதுப் பேருதான். ஆனா ஐயா, தெனம் விடியக்காலைல யாரோ வெளியிலிருந்து இதுக்குள்ள வர்றாங்களே?

– எவன் அவன்? திருட்டுப் பயலா?

– எதையும் தொடறதில்லைங்க. கொட்டாய்ல சூடு எவ்வளவுன்னு பாக்கறாங்க. அப்புறம் கேமராவைத் தொறந்து வெச்சுட்டுச் சும்மா இருக்காங்க. உங்க மக பாஸ்வேர்டுதான்.

– அந்நேரம் கேமராவுல என்ன தெரியும்? வெறும் இருட்டு.

– நீங்க டார்ச் அடிச்சுக்கிட்டு நடந்து போறது தெரியுமுங்க.

– ...அவளுக்கு அங்க ராத்திரியா இருக்கும்.

– மாத்திரட்டுங்களா?

– மாத்திட்டா அவ என்ன பாப்பா?

– பழைய பேர்ல தேடுனா, அப்படி ஒண்ணு இல்லைன்னு வரும்.

– ஏன் இல்லைங்கற காரணத்தைச் சொல்லுமா?

– சொல்லாதுங்க. அவங்களா ஏதாச்சும் நெனச்சுக்க வேண்டியதுதான்.

– கையை எடுங்க அம்மிணி. பழைய பேரையே வெச்சிருங்க.

– நாளைக்கு வர்றவங்க கேட்டா?

– கேக்கட்டும், எம் மக பேருன்னு நானே சொல்லிக்கறேன். அவ போன அன்னிக்கு, மக செத்துட்டான்னு வாய்க்கால்ல எறங்கித் தலை முழுகுனவன் நானு. இந்தப் பேரைக் காணோம்னு, அப்பன் செத்துட்டான்னு நெனச்சு அவ அங்க தலை முழுகிறக் கூடாதுங்க.