பதினோரு நாள் ஓடிய வேலை

மேடையில் வீற்றிருக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே, வாசக நண்பர்களே, முன்வரிசையில் அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அத்தான் அவர்களே, கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

கருப்புத்திரை அக்கா என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். நம் கிளை நூலகத்தின் கணினிப் பணியாளர். என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் நூலகரான எனக்கும் அக்காதான்.

நம்மிடம் இருப்பது ஒரே கணினி. வயது இருபத்தெட்டு. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று சொல்வது அதுதான். அதைக் கழித்துக்கட்டச் சொல்லிக் கடிதம் எழுதியவர் யார்? நான். காப்பாற்றியவர் யார்? அக்கா! கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை அதில் போட்டு, பன்னிரண்டு வருடம் ஓட்டினார்.

சென்ற மாதம் குழு கெடு வைத்தது. புது லினக்ஸ் ஏறாவிட்டால் கணினி பழைய இரும்புக்குப் போகும். "ஏறும் சார். மெதுவா ஏறும்," என்றார் அக்கா. புதுக் கணினியில் அரைமணியில் முடிகிற வேலை, இதில் பதினோரு நாள் ஓட வேண்டும். நடுவில் மின்சாரம் போகக் கூடாது.

ஒன்பதாம் நாள், என் போனுக்கு சார்ஜ் போட ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். எந்தப் பிளக் என்று சொல்ல வேண்டுமா? அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உங்க போனாவது முழுசா ஏறிச்சா சார்?" என்று கேட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை ஐந்தாம் நாள் அக்காவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து என்னை அழைத்தார். "பிளக் பக்கம் யாரையும் விடாதீங்க சார். முக்கியமா நீங்க போகாதீங்க." சிரித்தேன். அதுதான் கடைசிப் பேச்சு என்று எனக்குத் தெரியுமா? எட்டாம் நாள் அக்கா போய்விட்டார்.

அந்தப் பிளக் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அத்தானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அவ ஆரம்பிச்சது. முடியட்டும்," என்றார்.

நேற்று பதினோராம் நாள். ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் நின்றன. வேலை முடிந்ததும் வரும்படி அக்கா முன்பே எழுதிவைத்திருந்த ஒரு வரி, ஆங்கில எழுத்தில் தமிழாக, கடைசியில் வந்தது. அத்தான்தான் வாசித்தார்: "முடிஞ்சுது சார். இப்ப உங்க போனுக்கு சார்ஜ் போட்டுக்கோங்க."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

இன்று காலை அத்தான் கையாலேயே கணினியை அணைத்து, மறுபடி போட்டோம். புது லினக்ஸோடு எழுந்துவிட்டது.

தலைவர் அவர்களே, என் பழைய கடிதத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். அக்கா, இனி அந்தக் கணினியை நான் பார்த்துக்கொள்வேன். கருப்புத் திரையைக் கற்றுக்கொள்வேன். போனுக்கு வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வருவேன்.